பரிசோதனை அனிமேஷன் வகுப்பில் என்ன கற்பிக்கிறார்கள்? ஏன் அப்படிக் கற்பிக்கிறார்கள்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ மெரேபேங்கிலோ ஒரு வீட்டுப் பிள்ளை கலைப் பட்டப்படிப்பில் அனிமேஷன் எடுக்கிறாள் என்றால், வீட்டார் மனத்தில் பெரிய திரை, விலை உயர்ந்த கணினி, குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூன் எல்லாம் வந்து நிற்கும். முதல் பருவம் முடிந்து அவள் கொண்டுவருவது கரி படிந்த விரல்கள், பாதி அழித்த தாள்கள், கதையோ முகமோ இல்லாத 12 விநாடி வீடியோ. இன்னொரு பக்கம், கைப்பேசியில் ஒரு வரி தட்டினால் யானை நடனமாடும் வீடியோவை ஏஐ செய்து கொடுக்கிறது. இதனால் டர்பன் பகுதித் தமிழ்க் குடும்பங்களில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. இந்தப் படிப்பில் உண்மையில் எதையாவது கற்றுத் தருகிறார்களா? தந்தாலும், அதை இனி இயந்திரமே செய்துவிடாதா?

இரண்டும் நியாயமான கேள்விகள். பதிலுக்கு, அனிமேஷன் எப்படி இயங்குகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## அசைவு எங்கே பிறக்கிறது

திரையில் எதுவும் அசைவதில்லை. நின்ற படங்கள் அடுத்தடுத்து வேகமாக வருகின்றன. கண்ணும் மூளையும் சேர்ந்து அவற்றை அசைவாக எடுத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு நின்ற படமும் ஒரு பிரேம். சினிமாவில் விநாடிக்கு 24 பிரேம்கள். தென்னாப்பிரிக்கத் தொலைக்காட்சி பின்பற்றும் ‘பால்’ (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் 25. ஒரு நிமிடத்துக்கு 24 வீதம் 1,440 பிரேம்கள் வேண்டும். கையால் வரைபவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு பிரேம்களுக்கு நிறுத்திவைப்பார்கள். அப்படியும் நிமிடத்துக்கு 720 படங்கள். பிரான்ஸில் எமீல் கோல் 1908-இல் செய்த, இரண்டு நிமிடத்துக்கும் குறைவான கோட்டுப் படத்துக்கே ஏறத்தாழ 700 ஓவியங்கள் தேவைப்பட்டன.

எண்ணிக்கையைவிட முக்கியமானது இடைவெளி. ஒரு பந்து இடமிருந்து வலம் 12 படங்களில் நகர்கிறது என்று கொள்வோம். 12 படங்களிலும் பந்து சம தூரம் நகர்ந்தால், எடையே இல்லாத ஒன்று இழுத்துச் செல்லப்படுவதுபோல் தெரியும். தொடக்கத்தில் நெருக்கமாகவும் நடுவில் அகலமாகவும் முடிவில் மீண்டும் நெருக்கமாகவும் வைத்தால், தயங்கிப் புறப்பட்டு, வேகமெடுத்து, அடங்கி நிற்கும். பந்து அதேதான், நேரமும் அதேதான். மாறியது இரண்டு படங்களுக்கு நடுவே உள்ள தூரம் மட்டும். கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் 1941 முதல் பணியாற்றிய நார்மன் மெக்லாரன் வாழ்நாள் முழுதும் வலியுறுத்தியதும் இதையே: ஒரு பிரேமில் இருப்பதைக் காட்டிலும் இரு பிரேம்களுக்கு நடுவே நடப்பதே அனிமேஷன்.

கணினி வந்ததும் இங்கே ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் மாணவர் குறித்துக் கொடுத்தால் போதும். இவற்றைக் கீபிரேம் என்பார்கள். நடுவே உள்ள பிரேம்களை சாஃப்ட்வேர் தானே நிரப்பிவிடும். இது பெரிய வசதிதான். ஆனால் எந்த இடத்தில் அனிமேஷன் நடக்கிறது என்று மெக்லாரன் சுட்டினாரோ, அந்த இடத்தையே மாணவர் இயந்திரத்திடம் ஒப்படைக்கிறார். சாஃப்ட்வேர் தரும் மென்மையான ஏற்ற இறக்கம் எல்லோருக்கும் ஒன்றே. அதனால்தான் முதலாமாண்டு மாணவர்களின் வேலைகள், வரைந்தவர் யாராக இருந்தாலும், ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு போகின்றன. பட்டப்படிப்பு வகுப்பு கரிக்கோலையும் தாளையும் முதலில் நீட்டுவது இந்தக் காரணத்தால்.

## ‘பரிசோதனை’ எதைக் குறிக்கிறது

பெரிய ஸ்டூடியோக்களின் வேலைமுறை ஒரு நேர்வரிசை. கதை, ஸ்டோரிபோர்டு, பாத்திர வடிவமைப்பு, முப்பரிமாண மாதிரி, அசைவு, ஒளியமைப்பு, இறுதிக் கலவை. கேப் டவுனில் 1996-இல் தொடங்கப்பட்ட ட்ரிகர்ஃபிஷ் நிறுவனத்தின் முழுநீளப் படங்கள் இப்படித்தான் உருவாகின்றன. பலர் ஒரே படத்தில் உழைக்கும்போது, முடிவு எப்படி இருக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பணம் கரையும்.

பரிசோதனை அனிமேஷன் வேறு முனையிலிருந்து தொடங்குகிறது. அதை அடையாளம் காட்டுபவை மூன்று:

1. கதைக்கு முன்பே ஒரு பொருளோ விதியோ தீர்மானிக்கப்படுகிறது. மணல், கரி, பழைய புகைப்படம், பத்து வரி நிரல் என்று எதுவும் பொருளாகலாம். ‘ஒவ்வொரு பிரேமிலும் ஒரே ஒரு கோட்டை மட்டும் மாற்றுவேன்’ என்பது ஒரு விதி.
2. அந்த விதியைக் கடைசிவரை பின்பற்றினால் என்ன வரும் என்பது செய்பவருக்கே தெரியாது.
3. வந்ததைப் பார்த்து அடுத்த விதி எழுதப்படுகிறது.

‘பரிசோதனை’ என்றால் மனம் போனபடி எதையும் செய்வது என்ற எண்ணம் மாணவர்களிடமே பரவலாக இருக்கிறது. அது தவறு. விதி எவ்வளவு இறுக்கமோ அவ்வளவுக்குத்தான் விளைவிலிருந்து கற்றுக்கொள்ள முடியும். நியூசிலாந்தில் பிறந்த லென் லை 1935-இல் கேமராவையே ஒதுக்கிவிட்டு ஃபிலிம் சுருளின் மேல் நேரடியாக வண்ணம் தீட்டினார். அமெரிக்கரான ஜான் விட்னி, இரண்டாம் உலகப் போரில் விமான எதிர்ப்புப் பீரங்கிகளைக் குறிவைக்கப் பயன்பட்ட கணக்கீட்டுக் கருவியை மாற்றியமைத்து, அதைக் கொண்டு உருவங்களைச் சுழலவைத்தார். கணினி வரைகலையின் முன்னோடிகளில் ஒருவராக இன்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலிருந்து கனடா சென்ற இஷு பட்டேல் 1977-இல் மணிகளை ஒவ்வொன்றாக நகர்த்தி ஒரு குறும்படத்தை முடித்தார். அது ஆஸ்கர் பரிந்துரைவரை போனது. மூவரும் கட்டுப்பாட்டை முதலில் தேர்ந்துகொண்டவர்கள்.

## அழித்த கோடு அழியாமல் நிற்பது

இந்த நாட்டில் அனிமேஷன் கற்பிப்பவர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஜோகன்னஸ்பர்க்கில் 1955-இல் பிறந்த வில்லியம் கென்ட்ரிட்ஜின் வேலைமுறை, உலகெங்கும் கலைப் பள்ளிகளில் பாடமாக எடுத்துப் பேசப்படுகிறது.

அவர் முதலில் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் அரசியலும் ஆப்பிரிக்கவியலும் படித்தார். பிறகு ஓவியம், பிறகு பாரிஸில் நாடகப் பயிற்சி. 1989-இல் ஜோகன்னஸ்பர்க் நகரையே தலைப்பில் வைத்து முதல் கரி அனிமேஷன் படத்தை வெளியிட்டார். அவர் முறையில் ஒரு காட்சிக்குப் பொதுவாக ஒரு தாள்தான். சுவரில் மாட்டிய தாளில் கரியால் வரைவார். கேமரா வரை நடந்துபோய் ஓரிரு பிரேம் எடுப்பார். திரும்பத் தாளுக்கு வந்து ஒரு பகுதியை அழித்து, சற்றுத் தள்ளி வரைவார். மீண்டும் கேமராவுக்கு நடப்பார். கரியை ரப்பரால் முழுதாக அழிக்க முடியாது. சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் தங்கிவிடும். ஒரு மனிதன் காட்சியைக் கடந்து போனால் அவன் நின்ற இடமெல்லாம் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருக்கும்.

தொழில்நுட்பக் கோணத்தில் அது ஒரு குறை. ஆனால் சுரங்கம் தோண்டி எடுத்த மண் மலையாகக் குவிந்து கிடக்கும் நகரத்தைப் பற்றி, மனிதர்களைக் குடியிருப்புகளிலிருந்து பெயர்த்தெறிந்துவிட்டு நடந்ததை மறக்கச் சொன்ன ஆட்சியைப் பற்றிப் படம் எடுக்கும்போது, துடைத்தாலும் போகாத கோடு ஓர் அர்த்தத்தைப் பெறுகிறது. நிறவெறி ஆட்சி முடிவுக்கு வந்த 1994-இல் அவர் முடித்த படத்தில், சுடப்பட்டவர்களின் உடல்கள் நிலத்தோடு கரைந்து மறைகின்றன. கரையும் விதத்தைத் தாளே பதிவு செய்கிறது. கதையாகச் சொல்லியிருந்தால் இதை ஒரு வசனமாக வைத்திருக்கலாம். இங்கே கரி என்ற பொருளும் வேலைமுறையும் சேர்ந்தே அதைச் சொல்கின்றன. பரிசோதனை அனிமேஷன் என்ற பாடம் கற்றுத்தர விரும்பும் மையமான விஷயம் இதுதான்.

டிஜிட்டல் கருவி இதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும். ஒரு விசையைத் தட்டினால் கோடு தடமின்றிப் போய்விடும். தவறு நடந்ததே தெரியாது. டிஜிட்டலில் கற்பிப்பவர் முன் நிற்கும் சவால், கருவி மறைக்கும் வேலைத்தடத்தை மாணவர் கண்ணுக்குத் திரும்பக் கொண்டுவருவது.

## வகுப்பறையில் பயன்படும் பயிற்சிகள்

கீழே உள்ளவை இப்படிப்பட்ட வகுப்பில் தரத்தக்க பயிற்சிகள். டர்பன் தமிழ் மாணவர்கள் கைக்கெட்டும் பொருள்களைக் கொண்டு அவற்றை விளக்குகிறேன்.

1. பின்வாங்காமல் வரைதல். டிஜிட்டல் தாளில் ஒரே லேயர், ‘அண்டூ’ விசைக்குத் தடை. அழிப்பதற்கு 80 விழுக்காடு மட்டுமே அழிக்கும் பிரஷ். 100 பிரேம்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்ற உணர்வு ஏறத்தாழ 30 பிரேம்களுக்குள் கைக்கு வந்துவிடும்.

2. ஒரு சுழற்சியின் விளிம்பு. நடித்த வீடியோவின் மேல் பிரேம் பிரேமாக வரைந்தெடுப்பது ரோட்டோஸ்கோப். மாக்ஸ் ஃபிளைஷர் இதற்கு 1917-இல் காப்புரிமை பெற்றார். இங்கே ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று அழைக்கப்படும் தெருக்கூத்தில் ஆட்டக்காரர் சுழலும் இரண்டு விநாடியை எடுத்துக்கொள்ளலாம். விதி: முகம், உடல் எதையும் வரையக் கூடாது, ஆடையின் கீழ் விளிம்பை மட்டும் 48 பிரேம்களுக்கு வரைய வேண்டும். ஆளே இல்லாத திரையில் ஒரு கூத்தாடி சுழல்வது தெரியும். உடலின் எடை எங்கே இருக்கிறது என்று உடற்கூறு வகுப்பைவிட இது தெளிவாகக் காட்டுகிறது.

3. தாளத்தைப் பிரேமாக எண்ணுதல். நிமிடத்துக்கு 120 அடி விழும் மேளம் என்றால் ஒரு அடிக்கு அரை விநாடி. 24 பிரேம் கணக்கில் சரியாக 12 பிரேம். ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்கள் 96 பிரேமில் முடியும். இதையே 25 பிரேம் தொலைக்காட்சிக்கு மாற்றினால் ஒரு அடிக்கு 12.5 பிரேம். அரைப் பிரேம் என்று ஒன்று கிடையாது. எந்த அடிக்கு 12, எந்த அடிக்கு 13 என்பதை மாணவர் காதால் தீர்மானிக்க வேண்டும். மிருதங்கமோ தவிலோ பழகிய பிள்ளைகள் இந்தப் பயிற்சியில் முன்னே போவது இயல்பு. காவடி ஊர்வலத்தில் ஒலிப்பதிவு செய்யலாம். ஆனால் அருள் வந்த நிலையில் இருப்பவரின் முகத்தை அனுமதியில்லாமல் படமெடுத்துத் தன் வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. அந்த நேரத்தில் அவரால் சம்மதம் தர முடியாது. ஊர்வலம் முடிந்து, அவர் இயல்புக்கு வந்தபின் கேட்க வேண்டும்.

4. நிரலில் கோலம். இது கொஞ்சம் விரிவாகச் சொல்லப்பட வேண்டியது. 2001-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் கேசி ரியாஸ், பென் ஃப்ரை இருவரும் தொடங்கிய ‘புராசஸிங்’ என்ற நிரல்மொழி, கணினி படிக்காத கலை மாணவர்களுக்கென்றே உருவானது. இலவசம். இதில் சிக்குக் கோலம் ஒன்றை அசையவைப்பது அருமையான பயிற்சி. புள்ளிகள் நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா, வரிசைக்கு எத்தனை, புள்ளியைச் சுற்றும் கோடு எங்கே திரும்பும் என்பதையெல்லாம் விதியாக எழுத வேண்டும். பாட்டி வாசலில் கைப்பழக்கத்தால் இடும் ஒன்றை விதிகளாகப் பிரித்தால்தான் அது எத்தனை கணக்குகளைக் கொண்டது என்று புரியும். கணினி அறிவியலில் இதற்கு முன்னோடி ஆய்வு உண்டு. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருதிவாசனுடன் சேர்ந்து 1970-களில் கோலத்தின் அமைப்பை முறைசார் இலக்கணங்களாக, அதாவது குறியீடுகளை அடுக்கும் விதிகளாக, விளக்கிக் கட்டுரை எழுதினார்கள். விதி எழுதிய பிறகுதான் பரிசோதனை தொடங்குகிறது: ஒரு எண்ணை மட்டும் பிரேமுக்குப் பிரேம் மாற்று. புள்ளிகளின் தூரமா, திரும்பும் கோணமா? எந்த மதிப்பில் கோடு மூடாமல் அறுந்து போகிறது? அறுந்து போகும் அந்த நொடியைச் சுற்றி ஒரு படமே அமையலாம்.

5. ஒரே ஒரு பழைய புகைப்படம். இந்தப் பயிற்சியில்தான் மேலே எழுந்த ஏஐ கேள்வி நேரடியாக வந்து நிற்கிறது. அதனால் தனியாகப் பார்ப்போம்.

## தாத்தாவின் படம் சிரிக்கும்போது

1860 நவம்பரில் சென்னையிலிருந்து வந்த ‘ட்ரூரோ’ கப்பல் தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பெரும் பகுதியினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். கப்பல் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடலில் உள்ள தழும்பு ஆகியவை எழுதப்பட்டன. டர்பனில் பல வீடுகளில் அந்தப் பட்டியலின் நகலும், அதற்குப் பிந்தைய காலத்துப் புகைப்படம் ஒன்றிரண்டும் இருக்கின்றன.

இப்போது கைப்பேசிச் செயலிகள் அந்தப் புகைப்படத்தை உயிர்ப்பித்துக் காட்டுகின்றன. கொள்ளுத்தாத்தா கண் சிமிட்டுகிறார், சிரிக்கிறார், தலையை அசைக்கிறார். குடும்பம் நெகிழ்ந்து போகிறது. அந்த நெகிழ்ச்சியை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது.

இத்தகைய கருவிகள் பெருந்தொகையான படங்களிலும் வீடியோக்களிலும் பயிற்றுவிக்கப்பட்டவை. இன்று அதிகம் பயன்படும் ‘பரவல் மாதிரி’ (டிஃப்யூஷன்) வகைக் கருவிகளின் செயல்முறையை எளிமையாகச் சொன்னால் இப்படி: நல்ல படத்தின் மேல் புள்ளிப் புள்ளியாக இரைச்சலைத் தூவி, அதை நீக்கிப் பழைய படத்தை மீட்கக் கணினிக்குப் பழக்குகிறார்கள். பழகிய பிறகு, வெறும் இரைச்சலைக் கொடுத்தாலும் கேட்ட சொற்களுக்குப் பொருந்தும் படத்தை அது வெளிக்கொண்டுவரும். 2024 பிப்ரவரியில் ஓப்பன்ஏஐ ‘சோரா’வை அறிவித்தபோது, ஒரு நிமிடம் வரை நீளும் வீடியோக்களைக் காட்டியது. இவை தருவது, தாம் கண்ட எண்ணற்ற அசைவுகளிலிருந்து மிகவும் வாய்ப்புள்ளதாகத் தோன்றும் அசைவை. அதாவது தாத்தாவின் முகத்தில் வந்த சிரிப்பு, அவரை ஒருபோதும் பார்த்திராத ஆயிரமாயிரம் பேரின் சிரிப்பிலிருந்து கூட்டிக் கழித்து எடுத்தது. கரும்புத் தோட்டத்தில் உழைத்த ஒருவர் கேமரா முன் ஏன் சிரிக்கவில்லை என்ற கேள்வியை அந்தச் சிரிப்பு மூடிவிடுகிறது. எனக்கு இது சிறிய விஷயமாகத் தெரியவில்லை. பட்டியலில் உள்ள சில சொற்களைத் தவிர, அவரைப் பற்றி நமக்கு மிஞ்சியிருக்கும் சான்று அந்த இறுக்கமான முகம்.

வகுப்பில் தரும் பயிற்சியின் விதி இதற்கு எதிர்த்திசையில் போகிறது. ஒரே ஒரு குடும்பப் புகைப்படம், 12 விநாடி. முகத்தில் இல்லாத பாவனை எதையும் சேர்க்கக் கூடாது. மற்ற எதையும் அசைக்கலாம். ஒரு மாணவி புகைப்படத்தின் ஓரத்திலுள்ள ஈரக்கறையை மட்டும் பிரேமுக்குப் பிரேம் வளரவிடலாம். இன்னொருவர் கப்பல் பட்டியலின் எண்ணை முகத்தின் மேல் எழுதி அழித்து எழுதி அழித்து, கடைசியில் எண்ணின் தடத்தால் முகமே மங்கும்படி செய்யலாம். மூன்றாமவர் தாத்தாவின் கை மட்டும் தெரியும் அளவுக்குப் படத்தை நெருங்கிச் சென்று நிறுத்திவிடலாம். மூன்று படங்களும் ஏதோ ஒன்றைத் தெரிந்துகொள்ள முயல்கின்றன. எதை அசைக்காமல் விட வேண்டும் என்று தீர்மானிப்பதும் அனிமேட்டரின் வேலைதான் என்பதை மாணவர்கள் இங்கே தம் குடும்பத்தை முன்வைத்தே கற்கிறார்கள்.

அப்படியானால் ஏஐயை வகுப்பில் தடை செய்ய வேண்டுமா? வேண்டாம் என்பதே என் கணிப்பு. தடை நடைமுறையில் நிற்காது. அதோடு, மணலைப்போல, கரியைப்போல அதுவும் சோதித்துப் பார்க்கத்தக்க ஒரு பொருள். கோலம் கேட்டால் புள்ளிகளும் கோடுகளும் ஒத்துப்போகாத ஒன்றை அது அடிக்கடி தரும். எங்கே, ஏன் தவறுகிறது என்று ஆராய்வதே நல்ல பாடம். ஆனால் மூன்று நிபந்தனைகள் வேண்டும். பயன்படுத்தியதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கொடுத்த கட்டளைகளையும் வந்த விளைவுகளையும் முழுதாகச் சேமித்து ஒப்படைக்க வேண்டும். உயிரோடிருக்கும் கலைஞர் ஒருவரின் பாணியைக் கேட்டு வாங்கக் கூடாது. தம் படைப்புகள் அனுமதியின்றிப் பயிற்சிக்கு எடுக்கப்பட்டதாகக் கலைஞர்கள் தொடுத்த வழக்குகள் பல நாடுகளில் நடக்கின்றன; அதை அறியாமல் ஒரு கலை மாணவர் பட்டம் பெறக் கூடாது.

## முடிவு தெரியாத வேலைக்கு மதிப்பெண் எப்படி?

பெற்றோர் கேட்கும் அடுத்த கேள்வி. கணக்குத் தேர்வில் விடை உண்டு. இங்கே சரியான விடையே இல்லாதபோது 58-க்கும் 74-க்கும் என்ன வித்தியாசம்?

ஒழுங்காக நடக்கும் வகுப்பில் இறுதி வீடியோவைத் தவிர வேலைப்புத்தகமும் மதிப்பிடப்படும். எந்த விதியை எடுத்தார், எத்தனை சோதனைகள் செய்தார், எது ஏன் தோற்றது, தோல்விக்குப் பிறகு விதியை எப்படித் திருத்தினார் என்பவை அதில் இருக்கும். பிறகு எல்லோரும் சுற்றி நின்று வேலையை அலசும் க்ரிட் என்ற அமர்வு. அங்கே கேட்கப்பட வேண்டியவை:

1. உன் விதி என்ன? எந்த பிரேமில் அதை மீறினாய்? தெரிந்தே மீறினாயா?
2. இந்தப் பொருளை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்திருந்தால் படம் மாறியிருக்குமா? மாறாது என்றால் இதை ஏன் எடுத்தாய்?
3. ஒலியை நிறுத்திவிட்டால் எது மிஞ்சுகிறது?

இந்தத் துறையின் பலவீனமும் இங்கேதான். விரிவுரையாளர் ‘சுவாரசியமாக இருக்கிறது’ என்று சொல்லி நகர்ந்துவிட்டால் மாணவர் எதையும் கற்பதில்லை. நடை அனிமேஷன் வராத ஒருவர் ‘இது பரிசோதனை’ என்று சொல்லித் தப்பிக்கவும் வழி கிடைக்கிறது. அதனால் அடிப்படைத் திறன்களுக்குத் தனி மதிப்பெண் வைத்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன்: பந்து துள்ளல், நடைச் சுழற்சி, எடை தூக்குதல். இவற்றைச் செய்யத் தெரிந்த பிறகு செய்யாமல் விடுவது ஒரு தேர்வு. தெரியாமல் விடுவது குறைபாடு.

## கருவியும் மின்சாரமும்

சாஃப்ட்வேர் செலவு இப்போது பெரிய தடையில்லை. ப்ளெண்டர், க்ரீட்டா இரண்டும் இலவசம், திறந்த மூலம். லாட்விய இயக்குநர் ஒருவர் ப்ளெண்டரிலேயே உருவாக்கிய ஒரு முழுநீளப் படம் 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வென்றது. கைப்பேசிக் கேமராவும், அதை அசையாமல் பிடிக்க ஒரு ட்ரைபாடும் இருந்தால், பொருளைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுக்கும் ஸ்டாப் மோஷன் தொடங்கலாம். நல்ல லேப்டாப் முப்பரிமாண வேலைக்குத்தான் தேவைப்படும்.

மின்வெட்டு 2022, 2023-இல் மாணவர்களை வாட்டியது; 2024 மார்ச் இறுதிக்குப் பிறகு வெகுவாகத் தணிந்தது. அந்தக் காலம் விட்டுச்சென்ற நல்ல பழக்கம் ஒன்று உண்டு: ரெண்டர் செய்யும்போது, அதாவது கணினி இறுதிப் படங்களை உருவாக்கும்போது, நேரடியாக வீடியோ கோப்பாக எடுக்காமல், பிரேம்களைத் தனித்தனிப் படங்களாக எடுப்பது. 400-ஆவது பிரேமில் மின்சாரம் போனால் 399 பிரேம்கள் பத்திரமாக இருக்கும். விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

## வேலை கிடைக்குமா?

இந்தக் கேள்வியின் வேர் நம் வரலாற்றில் இருக்கிறது. நிறவெறிக் காலத்தில் டர்பன் இந்தியர்களுக்கு உயர்கல்வியின் வாசல் மிகக் குறுகியது. 1946-இல் எம்.எல். சுல்தான் தொழில்நுட்பக் கல்லூரி. 1961-இல் சாலிஸ்பரி தீவில் இந்தியருக்கென்று தனியாக ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி. கிடைத்த ஓர் இடத்தை வேலையாக மாற்றியாக வேண்டிய கட்டாயத்தில் இரண்டு தலைமுறைகள் வளர்ந்தன. ஆசிரியர், கணக்காளர், மருத்துவர் என்ற வரிசை அப்படி வந்தது. சுல்தான் கல்லூரி 2002-இல் டெக்னிகான் நேட்டாலுடன் இணைந்து இன்றைய டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பகுதியாகிவிட்டது. வேலைக்கான பயிற்சியே படிப்பு என்ற எதிர்பார்ப்பு வீடுகளில் தொடர்கிறது. அதைத் தவறென்று சொல்ல எனக்கு மனமில்லை. பதில் நேர்மையாக இருக்க வேண்டும், அவ்வளவே.

ஸ்டூடியோ வேலைக்கு ஆள் எடுப்பவர்கள், ஒருவர் தம் சிறந்த வேலைகளைத் தொகுத்த ஷோரீல் வீடியோவைப் பார்ப்பார்கள். அதில் பாத்திரம் நடப்பதும், உதடு வசனத்தோடு ஒத்து அசைவதும், எடை தெரிவதும் வேண்டும். ஈரக்கறை வளரும் 12 விநாடி மட்டும் அந்த வேலையைப் பெற்றுத் தராது. எனவே பரிசோதனை வகுப்பில் படிக்கும் மாணவர் பக்கத்திலேயே அந்த ஷோரீலையும் தயார்படுத்த வேண்டும். விடுமுறைகளில் அதைச் செய்யலாம். மறுபுறம், நாடக மேடைக்கான திரைக்காட்சி, அருங்காட்சியகக் காட்சிகள், இசைக் காணொளி, விளையாட்டு வடிவமைப்பு, பள்ளிக் கலைக் கல்வி ஆகிய இடங்களில் தேடப்படுவது, புதிய பொருளை எடுத்து அதற்கேற்ற முறையைத் தானே வகுக்கத் தெரிந்த ஆள். கென்ட்ரிட்ஜே ஹேண்ட்ஸ்பிரிங் பொம்மலாட்டக் குழுவோடு சேர்ந்து மேடைக்கு அனிமேஷன் செய்தவர். 2016-இல் ப்ரோன்வின் லேஸுடன் சேர்ந்து ஜோகன்னஸ்பர்க்கில் அவர் தொடங்கிய கலை மையம், முடிவு தெரியாத முயற்சிகளுக்கென்றே இயங்குகிறது. ஏஐ முதலில் கைவைக்கப்போவது, பழகிய பாணியில் பழகிய அசைவை நிரப்பும் வேலைகளில்தான். அந்த வேலைகளுக்கு மட்டுமே பயிற்சி தரும் படிப்பு பாதுகாப்பானது என்று கருதுவது, என் பார்வையில், இன்று மிகவும் ஆபத்தான கணிப்பு.

## சேரும் முன் கல்லூரியில் கேட்க வேண்டியவை

1. தகுதி நிலை என்ன? தென்னாப்பிரிக்கத் தகுதிக் கட்டமைப்பில் மூன்றாண்டு டிப்ளமோ 6-ஆம் நிலை, மூன்றாண்டுப் பட்டம் 7, நான்காண்டு நுண்கலைப் பட்டம் 8. முதுகலைக்கு வெளிநாடு போக எண்ணினால் இந்த வேறுபாடு பெரியது.
2. அரசு உதவி பொருந்துமா? ஆண்டுக் குடும்ப வருமானம் 3,50,000 ராண்டுக்கு மேற்படாதவர்களுக்கான என்எஸ்ஃபாஸ் உதவி, அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் அரசுத் தொழிற்கல்விக் கல்லூரிகளுக்கும்தான். தனியார் அனிமேஷன் பள்ளிகளுக்குக் கிடையாது. தனியார் என்றால், உயர்கல்வித் துறையில் பதிவு பெற்றிருக்கிறதா, உயர்கல்வி மன்றத்தின் அங்கீகாரம் உண்டா என்று இரண்டையும் பாருங்கள்.
3. முதலாமாண்டில் கையால் வரையும் நேரம் எவ்வளவு? ‘முதல் நாளிலிருந்தே சாஃப்ட்வேர்’ என்று பெருமையாகச் சொன்னால், இடைவெளியை யார் கற்றுத் தருவார்கள் என்று கேளுங்கள்.
4. ஏஐ பற்றி எழுத்து வடிவில் விதி இருக்கிறதா? இல்லையென்றால் பாதியில் தகராறு வரும், பாதிக்கப்படுவது மாணவர்.
5. சென்ற ஆண்டு மாணவர்களின் வேலைப்புத்தகங்களைப் பார்க்கலாமா? முடித்த படங்களை எல்லாக் கல்லூரிகளும் காட்டும். தோற்றுப்போன சோதனைகள் எத்தனை பக்கங்களில் இருக்கின்றன, அவற்றின் ஓரத்தில் ஆசிரியர் என்ன எழுதியிருக்கிறார் என்பதைப் பாருங்கள். அங்கே வெறும் ‘டிக்’ மட்டும் இருந்தால் வேறு கல்லூரியையும் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.